விழுந்தவன் மரம்

கிருஷ்ணமணி ஓட்டுக் கேட்டு வந்த நேரம் சரியில்லை. சொர்ணம்மாளின் அடுப்பில் அக்கானி பொங்கி வந்துகொண்டிருந்தது. மற்ற ஊர்க்காரர்கள் பதனீர் என்று சொல்வதைத்தான் சடையன்விளையில் அக்கானி என்பார்கள். பொங்குகிற அக்கானிக்கு முன்னால் நிற்கிற பெண்ணைத் திருவனந்தபுரத்து மந்திரியே வந்து கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க வைக்க முடியாது. இரண்டு ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டு, நுரை அடங்கி, அகப்பையால் ஒரு சுற்றுச் சுற்றிய பிறகுதான் அவள் முகத்தை நிமிர்த்தினாள்.

"யாரு, கிருஷ்ணமணி அண்ணாச்சியா? வாருங்கோ. அவ்வொ உள்ள கெடக்காவ. பைய குனிஞ்சு போங்கோ, நிலை தட்டும்."

கிருஷ்ணமணி வலது காலை இழுத்து இழுத்து நடந்து குடிசைக்குள் போனார். பனையேறியின் மகன். அப்பா மரத்திலிருந்து விழுந்து செத்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. பிறகு எப்படியோ படித்து, கரண்டு டிப்பார்ட்மெண்டில் லைன்மேனாகச் சேர்ந்து, பதினோரு வருஷம் போஸ்ட் மரத்தில் ஏறிக் கம்பி இழுத்தார். ஒருநாள் அவரும் விழுந்தார். ஆனால் அவர் விழுந்தது சர்க்கார் மரத்திலிருந்து. ஆறு வாரம் ஆஸ்பத்திரி, அரைச் சம்பளம், அதன்பின் மாதாமாதம் ஏதோ கொஞ்சம் பென்ஷன். அப்பா விழுந்தபோது இதில் ஒன்றுகூட இல்லையே என்று கட்டிலில் கிடந்து யோசித்த மனிதர், எழுந்து வரும்போது அரசியல்வாதியாக வந்தார். ஐம்பத்து மூன்றாம் வருஷம் பஞ்சாயத்துத் தேர்தல் வந்ததும் சடையன்விளையில் நின்றார். கிடைத்த சின்னம் ஏணி.

அவள் புருஷன் இசக்கி வைக்கோல் மேல் விரித்த பாயில் மல்லாந்து கிடந்தான். இடுப்பைச் சுற்றி மூங்கில் பத்தைகளும் துணியும். வர்ம ஆசானின் எண்ணெய் வாடை குடிசை முழுக்க நிறைந்திருந்தது. கோடைமழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில், நனைந்த மரம் வழுக்கி விழுந்தவன். அன்றைக்கு இருபத்திரண்டாவது நாள்.

"எப்பிடி இருக்கே மக்கா?"

"மரத்துல இருந்து விழுந்தவன் எப்பிடி இருப்பான்? மேலயே பாத்துக்கிட்டுக் கெடக்கேன்."

"ஆசான் என்ன சொல்லுதாரு?"

"எலும்பு கூடிரும்ங்காரு. கம்பு ஊணி நடக்கலாம்ங்காரு. மரம்ங்கிற பேச்ச எடுத்தா எண்ணெய்ச் சட்டியத் தூக்கிக்கிட்டு வெளிய போயிருதாரு."

கிருஷ்ணமணி சிரிக்கவில்லை. சுவரில் முளையில் தொங்கிய தளையைப் பார்த்தார். பனையேறி காலில் மாட்டிக்கொள்கிற நார்வளையம் அது. தளை தரையில் கிடக்கக் கூடாது, பெண்கை படக் கூடாது என்பது இங்கே முறை. சொர்ணம்மாள் இருபத்திரண்டு நாளாக அதற்குக் கீழே குனிந்து கூட்டிப் பெருக்குகிறாளே தவிர, ஒரு விரல் பட்டதில்லை.

"மரம் எல்லாம்?" என்று கேட்டார்.

"ஏறுதாவ. முறை இருக்குல்லா."

முறை என்று இசக்கி சொன்னது இதுதான். பாளையைச் சீவாமல் மூன்று நாள் விட்டால் அது வறண்டுவிடும். அந்த வருஷத்துக்கு அந்த மரம் போனது போனதுதான். அதனால் ஒருவன் விழுந்தால், அன்று சாயங்காலமே மற்ற பனையேறிகள் அவன் முற்றத்துக்கு வருவார்கள். யாரும் அதிகம் பேசமாட்டார்கள். நான் மூணு, நீ மூணு என்று அவன் மரங்களைப் பங்கு வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். காலையும் மாலையும் தங்கள் மரத்தோடு அவன் மரத்தையும் ஏறி, அக்கானியை அவன் வீட்டு முற்றத்தில் இறக்கி வைப்பார்கள். விழுந்தவன் மரம் ஏறுவது என்று அதற்குப் பெயர். நன்றி சொல்லக் கூடாது. சொன்னால் ஏறினவனுக்குக் கோபம் வரும். ஆனால் எல்லாம் நாற்பத்தொரு நாள்தான். நாற்பத்தொன்றாம் நாள் மாலையில் கலயங்களை முற்றத்தில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அவரவர்க்கும் பிள்ளைகுட்டி இருக்கிறதே.

இசக்கி ஏறியது முப்பது மரம், எல்லாம் முத்துநாயகம் முதலாளியிடம் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்தவை. பத்துப் பேர் மும்மூன்றாக ஏறிக்கொண்டிருந்தார்கள். கலயம் கவிழ்ந்த பிறகு என்ன என்பதுதான் சொர்ணம்மாளின் கவலை. இரண்டு பெண்பிள்ளைகள், படுத்த புருஷன், பாட்டத்து மரம். ஏற ஆளில்லை என்றால் முதலாளி மரத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

அவள் சிரட்டையில் சூடான அக்கானி கொண்டுவந்து வைத்தாள். கிருஷ்ணமணி ஊதி ஊதிக் குடித்தார்.

"பிள்ளே, நான் ஜெயிச்சா என்ன செய்யப் போறேன்னு கேக்கமாட்டியா?"

"என்ன, தெருவுக்கு லைட்டு போடுவிய. முதலாளியும் அதைத்தான் சொல்லுதாரு."

"லைட்டு அப்புறம். முதல்ல வரி போடுவேன்."

சொர்ணம்மாளுக்குத் தான் கேட்டது சரிதானா என்று சந்தேகம் வந்தது. ஓட்டுக் கேட்டு அலைகிற மனுஷன் வாயில் வருகிற பேச்சா இது?

"கிறுக்கா அண்ணாச்சி ஒங்களுக்கு?"

"கேளு. ஒவ்வொரு பனையேறி வீடும் சீசன்ல மாசத்துக்கு ஒரு கருப்பட்டி. மரத்த எண்ணமாட்டேன், ஏணிய எண்ணமாட்டேன். வியாபாரி வண்டி ஏத்துனா வண்டிக்குப் பத்துக் கருப்பட்டி. உழைப்ப எண்ணி வரி போடக் கூடாது பிள்ளே, மிச்சத்த எண்ணிப் போடணும். அது எல்லாத்தையும் வித்து ஒரு நிதி. விழுந்தவன் எந்திரிக்குத வர, அவன் வீட்டுக்கு வாரம் ஆறு பக்காப் படி அரிசி. எந்திரிக்கவே இல்லேன்னா ஆயுசுக்கும்."

"முதலாளிமாருகிட்ட மட்டும் வாங்குங்கோ. பனையேறிய விட்டுருங்கோ. ஊரே ஒங்களுக்கு ஓட்டுப் போடும்."

"அதத்தான் எல்லாரும் சொல்லுதாவ." கிருஷ்ணமணி சிரட்டையைக் கீழே வைத்தார். "தராதவன் கை நீட்டுனா அது பிச்சை. தந்தவன் கை நீட்டுனா அது பாத்தியதை. ஒரு கருப்பட்டியாவது அவன் கட்டியிருக்கணும். அப்பத்தான் தல நிமிந்து வாங்குவான். எனக்கு மாசாமாசம் பென்ஷன் வருதுல்லா, அத நான் கும்பிட்டா வாங்குதேன்? ரெண்டு நாள் பிந்துனா சண்டைக்குல்லா போறேன்."

இசக்கி பாயில் கிடந்தபடி முதல் தடவையாகத் தலையை ஆட்டினான். அவனுக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. சொர்ணம்மாளுக்குப் பயமாக இருந்தது.

போகிற போக்கில் அவர் அடுப்பைப் பார்த்துவிட்டு நின்றார். "இந்த ஒரு சட்டிக்கு எத்தன கட்டு விறகு?"

"அத ஏன் கேக்கிய? அக்கானி காச்சுததவிட விறகு பெறக்குததுலதான் எனக்கு ஆயுசு போவுது."

"நாப்பது வீட்டுல நாப்பது அடுப்பு. பாதிச் சூடு ஆகாசத்துக்குப் போவுது. ஒரே காய்ச்சுப்புரை கெட்டி, பெரிய இரும்புச் சட்டி நாலு வச்சு, எல்லாருக்கும் சேத்துக் காச்சுனா பாதி விறகு போதும். கரண்ட ஒரே எடத்துல உண்டாக்கி ஊருக்கெல்லாம் பங்கு வைக்குதோம்லா, விறகும் அதே கணக்குதான்."

"நல்லா இருக்கே! அடுத்த வீட்டுச் சத்தியபாய்க்க அக்கானியில, புளிக்காம இருக்கப் போடுத சுண்ணாம்பு கை நெறைய கெடக்கும். அதையும் எனக்க அக்கானியையும் ஒரே சட்டியில ஊத்துனா ஊருக் கருப்பட்டி எல்லாம் காறும். அண்ணாச்சி கம்பியில தொங்கவும் லைட்டு போடவும்தான் படிச்சிய போலுக்கு."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சட்டைப்பையிலிருந்து பென்சில் எடுத்து, "சுண்ணாம்பு" என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டார். கிண்டலுக்குச் சொன்னதை எழுதிக்கொண்டு போகிற ஆளை அவள் அதுவரை பார்த்ததில்லை.

இரண்டு நாள் கழித்து முத்துநாயகம் முதலாளி வந்தார். அவரும் அதே வார்டில் நிற்கிறார். கருப்பட்டி மொத்த வியாபாரம், ஒரு நெல்லுக்குத்து மில், அறுநூறு பனை. ஆள் மோசமில்லை. வில்வண்டியிலிருந்து இறங்கும்போதே ஒரு அரைச்சாக்கு அரிசியை இறக்கச் சொன்னார்.

"வேண்டாம் முதலாளி" என்றாள் சொர்ணம்மாள். கைகள் மட்டும் சாக்கைப் பிடித்துக்கொண்டன.

"வச்சுக்கோ. ஓட்டுக்கு இல்ல. எனக்க மரத்துல இருந்து விழுந்தவன்லா." அவர் முற்றத்தில் கிடந்த உரல்மேல் சிரமப்பட்டு உட்கார்ந்தார். "ஒரு காரியம் சொல்லுதேன், கேளு. கிருஷ்ணமணி நல்லவன்தான். நல்லவன் போடுத வரியும் வரிதான். வண்டிக்குப் பத்துக் கருப்பட்டின்னா, குளச்சல் யாவாரி இஞ்ச வருவானா? கடியப்பட்டணம் பக்கம் போயிருவான். நான் என்ன சொல்லுதேன், முதல்ல கரண்டு வரட்டும். தெருவுல லைட்டு எரியட்டும், மில்லு ராப்பகலா ஓடட்டும். நாலு பேருக்கு வேலை கெடைக்கும். காசு வந்தா தன்னால எல்லாம் வரும். வரி கேட்டு எந்த ஊரு உருப்பட்டுது?"

சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. 

"ஒனக்க வீட்டுக்காரனுக்கு இங்க பேரு உண்டு. நீயும் அவனும் கிருஷ்ணமணிக்குப் பரிஞ்சு பேசாம இருந்தாப் போதும். மரத்த நான் அடுத்த சீசன் வர வேற ஆளுக்குக் குடுக்கமாட்டேன்."

வண்டி போன பிறகு இசக்கி உள்ளேயிருந்து கத்தினான். "ஏட்டி, அந்த அரிசியத் திருப்பிக் கொண்டு போய்ப் போடு!"

"பிள்ளையளுக்குக் கஞ்சி வச்சுட்டுத் திருப்பிப் போடுதேன்" என்றாள். மரச்சீனிக்கிழங்கும் காணத்துவையலுமாகப் பதினைந்து நாள் ஓட்டியவள். அன்று சோறு பொங்கினாள், சாளைமீன் குழம்பு வைத்தாள். பெண்கள் இரண்டும் விரல் நக்கிச் சாப்பிட்டதைப் பார்த்தபோது அவளுக்கு முதலாளி மேல் கோபம் வரவில்லை. இசக்கி மட்டும் கிழங்கே போதும் என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அரிசி தீர்ந்துபோயிற்று.

முப்பத்து மூன்றாம் நாள் கிருஷ்ணமணியின் கூட்டம் நடந்தது. பனையேறிகளின் ஊரில் கூட்டம் போட வேண்டுமென்றால் உச்சிவெயிலில்தான் போட வேண்டும். காலையிலும் மாலையிலும் எல்லாரும் மரத்தில் இருப்பார்கள். சந்தை முக்கில் புன்னைமரத்து நிழல். இடுப்பில் அரிவாள்பெட்டியும் தோளில் தளையுமாக நாற்பது பேர் குந்தியிருந்தார்கள். பெண்கள் ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். எதிரே தன் கடைவாசலில் நாற்காலி போட்டு முத்துநாயகம் முதலாளி உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அடுத்தவன் கூட்டத்தைக் கேட்கக் கூடாது என்று சட்டம் ஏதும் இல்லையே.

கிருஷ்ணமணி ஒரு பெஞ்சின்மேல் ஏறி நின்றார். குரல் பெரிதில்லை. ஆனால் பொய் பேசத் தெரியாத குரல்.

"கரண்டு வருது. இராஜாக்கமங்கலம் வர வந்தாச்சு. எனக்கு லைட்டு பிடிக்காதா? பதினோரு வருசம் கம்பி வலிச்சவன் நான். ஆனா ஊருக்குள்ள வந்தா முதல் கம்பி குடிவெள்ளக் கிணத்து மோட்டாருக்கு. ரெண்டாவது பிரசவ ஆஸ்பத்திரிக்கு. மூணாவது மில்லுக்கு. தெரு லைட்டு அதுக்கும் பொறவு. மில்லுக்காரரு கரண்டுக்குக் கூடுதல் விலை குடுக்கணும். லாபத்துக்கு ஓடுத மோட்டாரும், தாகத்துக்கு ஓடுத மோட்டாரும் ஒரே விலையில ஓடப்படாது."

பெண்கள் பக்கமிருந்து குலவைச் சத்தம் வந்தது. இரண்டு மைல் நடந்து வெள்ளம் சுமக்கிறவர்கள் அவர்கள்தான். பிறகு கிருஷ்ணமணி வரியைச் சொன்னார். அவளிடம் சொன்ன அதே மாதிரி, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். வீட்டுக்கு ஒரு கருப்பட்டி.



ஞானம் எழுந்தான். இசக்கியின் பக்கத்துவிளைக்காரன், முப்பது மரத்தில் மூன்றை ஏறுகிறவன். கோபத்தில் அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"மகாராசா காலத்துல எங்க பாட்டனுக்க ஏணிக்கு வரி வாங்குனாவ. தளைக்கு வரி வாங்குனாவ. அது தொலஞ்சுதுன்னு, அத எதுத்து நின்ன அய்யாவக் கும்பிட்டுக்கிட்டுக் கெடந்தோம். இப்பம் நம்மள்ல ஒருத்தன் படிச்சு வந்து, ஏணிச் சின்னத்துல நின்னு, மறுபடியும் வரிங்கான். இன்னா பிடியும் ஓய்! இதுக்கும் போட்டுக்கிடும்!"

தோளிலிருந்து தளையை உருவி, பெஞ்சுக்கு முன்னால் மணலில் எறிந்தான்.

தளையைத் தரையில் போடுவது சாதாரணக் காரியமில்லை. இனி உன் மரத்தில் ஏறமாட்டேன் என்று முதலாளியிடம் முறித்துக்கொள்கிறவன்தான் அப்படிப் போடுவான். அடுத்தவன் எழுந்தான், போட்டான். அதற்கடுத்தவன். நார் மணலில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கிருஷ்ணமணியின் காலடியில் தளைகள் குவிந்து கிடந்தன.

அவர் அந்தக் குவியலைப் பார்த்தார். "சரி, வரி வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாரும் தளையை எடுத்துக்கொள்வார்கள், ஓட்டும் போடுவார்கள். அது எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"எனக்க அப்பனுக்க தளையும் இப்பிடித்தான் மண்ணுல கெடந்துச்சு" என்றார். "அவரு போட்டது இல்ல. விழுந்தப்ப அத்துக் கெடந்தது. நான் சொன்னத மாத்தமாட்டேன். ஓட்டுக்கு வேண்டி வரி இல்லேன்னு சொல்லி, ஜெயிச்ச பொறவு போட எனக்குத் தெரியாது."

சொர்ணம்மாள் எதிர்வாசலைப் பார்த்தாள். முதலாளி வெற்றிலை மெல்வதை நிறுத்தியிருந்தார். முப்பது மரமும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போலிருந்தது அவளுக்கு. பரிந்து பேசாமல் இருந்தால் போதும், மரம் நிற்கும். அவள் பேசாமல் நிற்கத்தான் வந்தாள். ஆனால் அந்த மனுஷன் தோற்றாலும் பரவாயில்லை என்று உள்ளதைச் சொல்லிவிட்டு ஒற்றைக்காலில் நிற்கிறார். இப்படி ஒருவர் நமக்காக நிற்கும்போது நாம் மரத்தை எண்ணிக்கொண்டு நிற்கிறோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

கூட்டத்துக்குள் நடந்து வந்து, குனிந்து, மேலே கிடந்த தளையைக் கையில் எடுத்தாள்.

"மைனி! தொடாத!" ஞானம் பதறிப்போய் ஓடி வந்தான். நாற்பது பேரும் எழுந்துவிட்டார்கள்.

"தொட்டா என்ன? எனக்க வீட்டுத் தளைய நான் தொட்டதே இல்ல. அதுக்காவ அவ்வொ விழாமலா இருந்தாவ?"

தளையைக் கையில் பிடித்தபடி அவள் ஞானத்தின் பக்கம் திரும்பினாள்.

"ஞானம், நீ எனக்க வீட்டுக்கு எத்தன மரம் ஏறுதே?"

"மூணு மைனி. அத எதுக்கு இப்பம்?"

"எத்தன நாளா?"

"முப்பத்து மூணு."

"ஏறாட்டா ஒன்ன யாரு பிடிச்சு அடைப்பா?"

"யாரும் அடைக்காண்டாம். முறையில்லா? நாளைக்கு நான் விழுந்தா அவரு ஏறுவாரு."

"அப்பம் அது என்னது? நீ எனக்குத் தாறது பிச்சையா?"

"மைனி!" அவனுக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது.

"பிச்சை இல்ல. அப்பிடி நெனச்சா நான் ஒரு சிரட்ட வாங்கியிருக்கமாட்டேன். ஆனா ஒங்க முறைக்கு நாப்பத்தோரு நாளுதான் ஆயுசு. எனக்க மாப்ளைக்க இடுப்புக்கு ஒரு வருசம் வேணும்னா நான் எங்க போவேன்? அண்ணாச்சி சொல்லுதது அந்த மூணு மரத்தத்தான். நாப்பத்திரெண்டாம் நாளும் ஏறுங்கோங்காரு. நாப்பது பேரும் சேந்து ஏறுனா ஒருத்தனுக்கு ஒரு மரம்கூட வராது. அதுக்குத்தான் ஒரு கருப்பட்டி. மகாராசா வாங்குனாரு, கொண்டு போனாரு. இது எவன் முற்றத்துக்கு வருது? விழுந்தவன் முற்றத்துக்கு." எதிர்வாசலைக் கை காட்டினாள். "முதலாளிமாரும் விழுந்தவன் மரம் ஏறட்டும்ங்காரு. இத்தன காலத்துல அவ்வொ ஒரு மரம் ஏறுனதுண்டா?"

முத்துநாயகம் முதலாளி தளை மாட்டிப் பனையில் ஏறுகிற காட்சி ஒரே நேரத்தில் எல்லார் கண்ணிலும் வந்திருக்க வேண்டும். பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் அடக்க முடியவில்லை, கூட்டமே சிரித்தது. முதலாளிக்குக்கூட உதட்டில் ஒரு சிரிப்பு வந்து போயிற்று.

சொர்ணம்மாள் சிரிக்கவில்லை. ஒவ்வொரு தளையாக எடுத்து நீட்டினாள். எவனுடையது எது என்று அவளுக்குத் தெரியாது. அவரவர் வந்து அடையாளம் பார்த்து வாங்கிக்கொண்டார்கள். ஞானம் கடைசியில் வந்தான். வாங்கி, மணலைத் தட்டி, தோளில் போட்டான். "தொட்டுட்டியளே மைனி" என்று மட்டும் முனகினான்.

ஒன்பது ஓட்டில் கிருஷ்ணமணி ஜெயித்தார். மற்ற மெம்பர்கள் சேர்ந்து அவரையே பிரசிடெண்ட் ஆக்கினார்கள்.

நாற்பத்தொன்றாம் நாள் மாலையில் முற்றத்தில் பத்துக் கலயங்கள் கவிழ்ந்திருந்தன. மறுநாள் காலை முதலாளியின் ஆள் வந்து, மரம் வேறு ஆளுக்குப் போய்விட்டது என்று சொன்னான். சொர்ணம்மாள் இதை எதிர்பார்த்துத்தான் இருந்தாள். இருந்தாலும் அன்று சாயங்காலம் அந்த முப்பது மரத்திலும் வேறொருவன் ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு வந்து, அடுப்படியில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

கிருஷ்ணமணியின் வரி சும்மா வந்துவிடவில்லை. இதற்குச் சட்டத்தில் இடம் உண்டா என்று கேட்கத் திருவனந்தபுரத்துக்கு மூன்று தடவை பஸ் ஏறினார். ஒரு கிளார்க்கு "கருப்பட்டியிலா வரி?" என்று சிரித்தானாம். நாலாவது தடவை நல்ல கருப்பட்டியாக ஒன்று கொண்டுபோய் மேசைமேல் வைத்துப் பேசிவிட்டு வந்தார். வைகாசியில் வரி தொடங்கியது. சந்தை முக்கில் கூட்டுக் காய்ச்சுப்புரையும் கட்டியாயிற்று. வருகிற அக்கானியை நாக்கில் தொட்டுப் பார்த்து, சுண்ணாம்பு கூடியதைத் தனிச்சட்டிக்குத் தள்ளுகிற வேலைக்கு ஆள் வேண்டும். கிருஷ்ணமணி அந்தத் துண்டுத்தாளை எடுத்துக்கொண்டு நேரே சொர்ணம்மாளிடம் வந்தார். கூலி கொஞ்சம்தான். அந்த வேலையில் சத்தியபாயோடு தினமும் ஒரு சண்டை நிச்சயம்.

சண்டை வீட்டிலும் வந்தது. நிதியிலிருந்து முதல் வாரத்து அரிசி வந்தபோது இசக்கி தொடவிடவில்லை.

"நான் கெட்டுனனா வரி? கெட்டாதவன் வாங்குனா என்னதுன்னு கிருஷ்ணமணியே சொல்லியாச்சு. கொண்டு போவச் சொல்லு."

சொர்ணம்மாள் பிரசிடெண்ட் முன்னால் போய் நின்றாள். "அண்ணாச்சி, நீங்க சொன்ன வார்த்தையப் பிடிச்சுக்கிட்டு அவ்வொ பட்டினி கெடக்காவ. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்கோ."

கிருஷ்ணமணி கையிலிருந்த வரிப்புத்தகத்தை மூடினார். "அவன் சொல்லுதது சரி பிள்ளே. நான் எப்பிடி மாத்திச் சொல்லுவேன்?"

"நல்ல ரெண்டு பேரு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "நடுவுல சாவப்போறது நானும் பிள்ளையளும்."

வேறொரு வழி இசக்கிதான் கண்டுபிடித்தான். ஆனியில் சுவரில் சாய்ந்து உட்காரலாம் என்று ஆசான் விட்டார். உட்கார்ந்த முதல்நாளே தன் பாளை அரிவாளையும் தீட்டுப்பலகையையும் கேட்டான். பலகையில் வெள்ளைக்கல் பொடியைத் தூவி, அரிவாளை மாற்றி மாற்றிப் போட்டுத் தேய்த்தான். பாளையின் நுனியை இலேசாகச் சீவ வேண்டும். அலகு மழுங்கினால் பாளை கசங்கி அக்கானி வற்றிவிடும். இசக்கி தீட்டிய அரிவாள் என்றால் அந்த வட்டாரத்தில் ஒரு பேர் இருந்தது. மறுநாள் ஞானம் தன் அரிவாளைக் கொண்டுவந்தான். அடுத்தநாள் நாலு பேர். கூலி ஆளுக்கு ஒரு சிரட்டை அக்கானி.

அந்த அக்கானியைச் சொர்ணம்மாள் வீட்டிலேயே காய்ச்ச வேண்டும் என்றான். கூட்டுச்சட்டி வேண்டாமாம். சிரட்டை சிரட்டையாகச் சேர்த்து, காய்ச்சி, அச்சில் ஊற்றி, அது இறுகியபோது கையளவில் ஒரு கருப்பட்டி. இசக்கி அதை வேஷ்டியில் துடைத்துப் பார்த்தான்.

"ஞானத்தக் கூப்பிடு. பஞ்சாயத்து ஆப்பீசுக்குப் போணும்."

"நான் கொண்டு போய்க் குடுக்கேன். ஒங்களுக்கு என்னத்துக்கு இந்தப் பாடு?"

"வரி கெட்டுதது நான். நீயா?"

ஞானம் அவனை முதுகில் தூக்கிக்கொண்டு போனான், சொர்ணம்மாளும் பின்னாலேயே போனாள். அன்று மாசக் கடைசி. ஆபீஸ் வாசலில் பன்னிரண்டு பேர் கருப்பட்டியோடு வரிசையில் நின்றார்கள். ஞானம் நேரே உள்ளே போகப் பார்த்தான். மேசைக்குப் பின்னாலிருந்து கிருஷ்ணமணி தலையை நிமிர்த்தினார்.

"வரிசையில வா மக்கா."

"இவரு நிக்க முடியாதவருல்லா!" ஞானத்துக்கு மூக்குமேல் கோபம் வந்தது. "ஒமக்குக் கண்ணு தெரியல்லியா?"

"நிக்காண்டாம். இருக்கட்டும். ஆனா வரிசையில."

சொர்ணம்மாளுக்கும் சுருக்கென்றது. ஆனால் இசக்கியின் முகத்தைப் பார்த்தாள். விழுந்த நாளிலிருந்து அவனை எல்லாரும் முதலில் பார்த்தார்கள், முதலில் விசாரித்தார்கள், முதலில் இலை போட்டார்கள். பதின்மூன்றாவது ஆளாக அவனை யாரும் உட்கார வைத்ததில்லை. அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

முறை வந்ததும் கிருஷ்ணமணி கருப்பட்டியை எல்லாருடையதையும் போல எடைபார்த்தார். ஓரத்தில் நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தார். "சுண்ணாம்பு ஒரு பொடி கூடுதல்" என்றார். சொர்ணம்மாள் வாயைத் திறப்பதற்குள் புத்தகத்தைத் திருப்பினார்.

"பேரு?"

"தெரியாதோ?"

"பேரு?"

"இசக்கி."

"தொழில்?"

எழுதுகோல் நின்றது. ஞானம் வெளியே பனங்கூட்டத்தைப் பார்த்தான். பனையேறி என்ற வார்த்தையை இனி அவன் எப்படிச் சொல்வான் என்று சொர்ணம்மாளுக்குத் தெரியவில்லை.

"அருவா தீட்டு" என்றான் இசக்கி.

கிருஷ்ணமணி குனிந்து அப்படியே எழுதினார். ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டாரா, வேர்வையைத் துடைத்தாரா என்று வெளியே நின்றவர்களுக்குத் தெரியாது. சொர்ணம்மாளுக்குத் தெரியும்.

அரிசி வரவேண்டியது வியாழக்கிழமை. அந்த வியாழன் பெருமழை, வண்டி வரவில்லை. வெள்ளி மத்தியானம்தான் பஞ்சாயத்து ஆள் ஈரச்சாக்கோடு முற்றத்தில் வந்து நின்றான். சொர்ணம்மாள் சுளகை எடுத்துக்கொண்டு ஓடினாள். உள்ளேயிருந்து தீட்டுகிற சத்தம் நின்றது.

"ஏட்டி, யாரது? அரிசியா?"

"ஆமா. அரிசிதான்."

"நேத்துல்லா வரணும்? ஒரு நாளு ஏன் பிந்திச்சுன்னு கேளு! மழைன்னு சொன்னா விடாத. கிருஷ்ணமணிகிட்ட நான் கேட்டேன்னு சொல்லச் சொல்லு. வரி கெட்டுனவன் கேக்கான்னு சொல்லச் சொல்லு!"

வந்த ஆள் திகைத்துப்போய் நின்றான். சொர்ணம்மாள் சுளகைப் பிடித்தபடி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று மாதத்துக்குப் பிறகு அவள் வீட்டில் அவள் புருஷனின் பழைய குரல் கேட்டது.

"கேளுங்கோ" என்றாள், கண்ணீரும் சிரிப்புமாக. "அவ்வொ கேக்காவல்லா. பதில் சொல்லுங்கோ."